பலகையின் தெற்குப் பக்கம்

ஆகஸ்ட் 12, திங்கள்

தண்ணீர் கேன்காரன் இன்றும் வரவில்லை. பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு மணிக்கூண்டுக்குப் போனேன்.

மணிக்கூண்டடியில் நிற்கும் கரும்பலகைக்கு இரண்டு பக்கம். வடக்குப் பக்கம் பகலவனுடையது, தெற்குப் பக்கம் என்னுடையது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், சாமி இல்லை என்கிற கட்சி. நான் சார்பதிவாளர் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், திருநீறு இல்லாமல் வாசல் தாண்டாதவன். இருபத்திரண்டு வருஷமாக அவன் காலையில் ஒரு வரி எழுதுவான், மறுநாள் காலை நான் என் பக்கத்தில் பதில் எழுதுவேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பலகையைச் சுற்றி வந்து இரண்டையும் படிப்பார்கள். "குஞ்சிதபாதம் அய்யா இன்னைக்குக் கொடுத்தாரு பாரு" என்று சிலர் சொல்வார்கள். "கண்ணாடிக்காரர் விடுவாரா" என்று வேறு சிலர். எழுதி முடித்ததும் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம். பதில் வரும்வரை எந்த வரியையும் யாரும் அழிக்கக் கூடாது. எங்களுக்குள் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

இன்று அவன் எழுதியிருந்தது: "நாற்பத்தெட்டு நாள் கோயிலைச் சுற்றியவளுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வாய்க்கவில்லை."

போன வருஷம் என் மனைவி அகிலா மார்பில் கட்டியோடு ஒரு மண்டலம் கோயிலைச் சுற்றினாள். ஐப்பசியில் போய்விட்டாள். இது ஊருக்கே தெரியும். சுற்றியது அவள் விருப்பம். நான் கூடப் போனேன், அவ்வளவுதான்.

"குஞ்சிதம், டீ ஆறுதுய்யா" என்று பெஞ்சிலிருந்து கூப்பிட்டான். காது கேட்காதவன் மாதிரி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பதில் எழுதப் போகவில்லை. முழங்கால் வலி.

ஆகஸ்ட் 14, புதன்

மத்தியானம் திருநெறி இளைஞர் மன்றத்துப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். தலைவன் நவநீதன். செல்போன் கடை வைத்திருக்கிறான், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. பகலவன் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்களாம்.

"அய்யா, அந்த ஆளு நம்ம விரதத்தையே கேவலப்படுத்திட்டாரு. உங்க வீட்டு அம்மாவைத்தான் சொல்றாருன்னு ஊரே பேசுது. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எடுபடும்."

மனுவை வாங்கிப் பார்த்தேன். ஆபீசில் இருந்திருந்தால் அதை எழுதியவனைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்திருப்பேன். யார், யாருக்கு, எந்தத் தேதியில், ஒன்றும் கிடையாது. மூன்று ஆச்சரியக்குறிகள் மட்டும் இருந்தன. இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். பெரியவர் என்று முதல் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கண்டிப்பார். அது போதும். அவனுக்கும் ஒரு நாள் உறைக்கட்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். பகலவன் எதிர் வரிசையில் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினான். நான் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பகலவனைக் கைது செய்துவிட்டார்கள்.

டீக்கடை முத்தையன்தான் சொன்னார். காலையில் இன்ஸ்பெக்டரே மணிக்கூண்டுக்கு வந்திருக்கிறார். "அழிச்சிட்டு ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இருங்க பெரியவரே" என்றிருக்கிறார். "குஞ்சிதம் இன்னும் பதில் எழுதல சார். அவன் எழுதட்டும். அதுவரைக்கும் அழிக்கிறது முறையில்ல" என்று இவன் சொன்னானாம். பிறகு ஜீப்பில் ஏற்றினார்களாம். பலகையைக் குட்டி யானை வண்டியில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பிடித்தால் சனி, ஞாயிறு ஜாமீன் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்திருக்கும்.

எதற்காக என்னை இழுத்தான் அங்கே?

ஆகஸ்ட் 17, சனி

காலையில் கோலமில்லாத வாசலில் செருப்புச் சத்தம். பகலவன் மனைவி காந்திமதி வந்திருந்தது. கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறது, நெற்றியில் குங்குமம். பகலவன் சாமி இல்லை என்பான், அது தினம் கோயிலுக்குப் போகும், பிரதோஷத்தன்று கூட்டமாக இருந்தால் இவனே வாசலில் அதன் செருப்புக்குக் காவல் நிற்பான். இதைச் சொல்லிப் பலகையில் எத்தனையோ தடவை அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவனும் சிரிப்பான்.

"அண்ணே, கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும். சர்க்கரை மாத்திரை போடுறவரு, அதையாவது உள்ள கொடுக்க விடுவாங்களான்னு தெரியல. குஞ்சிதம் மனு எழுதினா எந்த ஆபீஸ்லயும் தட்ட மாட்டாங்கன்னு அவரேதான் சொல்லுவாரு. அதான் ஓடியாந்தேன்."

நான் கையெழுத்துப் போட்டது அதற்குத் தெரிந்திருக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். தேதியைத் தப்பாகப் போட்டு ஒரு தாளைக் கிழித்தேன். "உங்களுக்கும் மனசு கேக்கல, பாவம்" என்றது காந்திமதி.

போகும்போது சொன்னது: "நீங்க சொன்ன மாதிரி மண்டலம் சுத்திக்கிட்டிருக்கேன் அண்ணே. இன்னையோட பதினோரு நாள். திங்கக்கிழமை தஞ்சாவூர்ல டாக்டருகிட்ட நாள் வாங்கி வெச்சிருந்தாரு. இவரு இல்லாம நான் எங்கேர்ந்து போறது?"

காந்திமதிக்கும் மார்பில் கட்டி. ஆடியில் கோயிலில் பார்த்தபோது என்னிடம் சொல்லிற்று. மண்டலம் சுற்றச் சொன்னது நான்தான். இதை இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை.

"முதல்ல அவன் வரட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஜாமீன் தள்ளுபடி. பதினைந்து நாள் காவல்.

கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். காந்திமதி வைத்திருக்கும் வக்கீல் சின்ன வயசுப் பெண். கோபத்தில் புகார் நகலை எல்லோர் எதிரிலும் படித்தது. "இந்த வரியில எந்தச் சாமி பேரும் இல்ல, எந்த மதமும் இல்ல. தூக்கிப் போட்டிருப்பாங்க. ஆனா புகார்ல பாருங்க, 'வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்துடன், பக்தர்களின் மனத்தைப் புண்படுத்தும் பொருட்டு'ன்னு இருக்கு. சட்டம் எதைக் கேக்குதோ அதை அப்படியே அளந்து வெச்சிருக்கான். யாரோ விவரம் தெரிஞ்ச ஆளு எழுதிக் கொடுத்திருக்கான்."

புதன்கிழமைக் குறிப்பில் இரண்டு இடத்தில் திருத்தினேன் என்று எழுதியிருக்கிறேன். பொய். அவர்கள் கொண்டுவந்ததைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றரைப் பக்கம் நான்தான் எழுதினேன். நவநீதன் தன் கையால் நகல் எடுத்துக்கொண்டான். நன்றாக அமைந்துவிட்டது என்று அன்றைக்கு ஒரு திருப்திகூட இருந்தது. முப்பத்தாறு வருஷம் பத்திரங்களோடு கிடந்த புத்தி, ஓட்டையில்லாமல் எழுதத்தான் தெரியும்.

தீய உள்நோக்கம். பகலவனுக்கு.

ஆகஸ்ட் 21, புதன்

புகாரைத் திரும்பப் பெற ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தந்தார்.

"எப்.ஐ.ஆர். போட்டாச்சு அய்யா. இனிமே அது உங்க கையில இல்ல. ஐகோர்ட்டுல போயித்தான் ரத்து பண்ணணும். நீங்க ஏன் கவலப்படுறீங்க, கேஸு கெட்டியா இருக்கு."

கொல்லைப்புறத்தில் பிடிபட்ட மணல் வண்டிகளுக்கு நடுவே பலகை சாய்ந்து கிடந்தது. கழுத்தில் சாட்சிப் பொருள் என்று ஒரு சீட்டு. வடக்குப் பக்கத்தில் அவன் எழுத்து அப்படியே இருந்தது. சுற்றிப் போய் என் பக்கத்தைப் பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக இருந்தது. திங்களன்று அவன்தான் துடைத்து வைத்திருக்கிறான், நான் எழுத வசதியாக.

வீட்டுக்கு வந்து கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

வக்கீல் ஆபீசுக்குப் போய், பகலவனுக்கு ஜாமீன்தாரராக நான் நிற்கிறேன், வீட்டுப் பத்திரம் இருக்கிறது என்றேன். அந்தப் பெண் பெயரைக் கேட்டது. கேஸ் கட்டைப் புரட்டியது. நிமிர்ந்து பார்த்தது.

"புகார் கொடுத்த முதல் ஆளே ஜாமீனுக்கு வர்றீங்களா சார்?"

காந்திமதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

"கையெழுத்து நீங்களா அண்ணே?" என்று கேட்டது. நான் தலையை மட்டும் அசைத்தேன். "அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து மனு எழுதித் தரச் சொன்னேனே. அப்பக்கூடச் சொல்லலையே" என்றது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டது.

என்னைத் திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 2, திங்கள்

இளைஞர் மன்றக் கூட்டத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பலகை இருந்த இடத்தில் இப்போது அவர்களுடைய பிளக்ஸ் பேனர். அதில் என் படமும் இருக்கிறது, எங்கே பிடித்தார்களோ தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் நவநீதனிடம் கேட்டேன். "தம்பி, ஒரு புதுப் பலகை வைக்கணும். நான் நாலு வரி எழுதணும்."

"என்ன எழுதப்போறீங்க அய்யா?"

"பகலவன் தப்பா ஒண்ணும் எழுதலன்னு எழுதப்போறேன்."

அவன் முகம் மாறவில்லை. தோளில் நழுவிய பொன்னாடையைச் சரி செய்துவிட்டான். "ஊரு இப்பத்தான் அமைதியா இருக்குங்கய்யா. பலகையெல்லாம் இனி வேணாம். உங்களுக்கும் வயசாயிடுச்சு. ஏதாவது ஒண்ணுன்னா எங்களாலயே தடுக்க முடியாது, பார்த்துக்குங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். வடக்குப் பக்கத்தை எடுத்தால் தெற்குப் பக்கமும் சேர்ந்துதான் போகும் என்பது இத்தனை படித்த எனக்கு உறைக்கவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

பிரகாரத்தில் காந்திமதியைப் பார்த்தேன். முப்பதாவது நாள். இப்போது புருஷன் வெளியே வரவேண்டும் என்றும் சேர்த்துச் சுற்றுகிறது. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடக்கிறது. அகிலாவும் கடைசியில் அப்படித்தான் நடந்தாள். என்னைக் கண்டதும் அடுத்த வாசல் வழியாகப் போய்விட்டது.

எழுதிவிடுகிறேன். ஒன்பதாவது நாள் அகிலா என்னிடம் கேட்டாள். கொடிமரத்துக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஏங்க, ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து மிச்சத்தைச் சுத்தட்டுமா?" பாதியில் விடக் கூடாது என்றேன். நம்பிக்கை இல்லையா உனக்கு என்றும் கேட்டேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. முப்பத்தொன்பது நாள் பேசாமல் சுற்றினாள்.

அவள் விருப்பம் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்து அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

பகலவன் எழுதியது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவனை உள்ளே தள்ளினேன். அபத்தமாக எதையாவது எழுதியிருந்தால் மறுநாளே பதில் எழுதிவிட்டு டீ குடித்திருப்பேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஜாமீன் கிடைத்துவிட்டது. தினமும் காலை பத்தரைக்குக் கும்பகோணத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பொது இடத்தில் எதுவும் எழுதக் கூடாது, பேசக் கூடாது.

செப்டம்பர் 14, சனி

நாலு நாள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். இன்று கடைக்குள் போய்விட்டேன்.

ஷோகேஸ் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்திருக்கிறார்கள். அட்டையை ஒட்டி வைத்திருந்தான். ரொம்ப இளைத்துவிட்டான், சட்டை தொளதொளவென்று தொங்கியது. யாருடைய பிரேமுக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தவன், "உக்காரு" என்றான்.

"புகாரை நான்தான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும். ஸ்டேஷன்ல படிச்சுக் காட்டுறப்பவே உன் குரல் கேட்டுச்சு. இந்த ஊர்ல வேற எவனுக்கு அப்படி எழுத வரும்?"

"அகிலாவை வெச்சு நீ எழுதலாமா?" இதைக் கேட்கவா போனேன்? மன்னிப்புக் கேட்கப் போனவன். வாயில் இதுதான் வந்தது.

திருப்புளியை வைத்துவிட்டுச் சொன்னான். "அகிலாவைத்தான் எழுதினேன். உன்னைத்தான் எழுதினேன். இவளும் கட்டியோட சுத்துறா. வீட்ல சொல்லிப் பார்த்தேன். குஞ்சிதம் அண்ணன் சொன்னாருங்கிறா. நான் என்னைக்குய்யா அவளைக் கோயிலுக்குப் போகாதேன்னு தடுத்திருக்கேன்? இப்ப மட்டும் எப்படித் தடுக்கிறது? தெனம் பலகையைத் தாண்டித்தான் போவா. அதான் எழுதினேன். உனக்கு வலிக்கும்னு தெரியும். வலிச்சா மறுநாளே என்னைத் திட்டி எழுதுவே, அதையும் நின்னு படிப்பா, ஊரே நின்னு படிக்கும், அவளும் எதையாவது யோசிப்பாள்னு நெனச்சேன். மூணு நாள் உன் பக்கத்தைப் போய்ப் போய்ப் பார்த்தேன்யா. நாலாவது நாள் ஜீப்பு வந்துச்சு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அவனும் அழுதான் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை.

"இப்பவாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்யா."

"வர மாட்டேங்கிறா. அந்த வரியை எழுதினதாலதான் நான் ஜெயிலுக்குப் போனேனாம். அவ சுத்தினதாலதான் திரும்பி வந்தேனாம். இதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீயே சொல்லு."

படி இறங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயில் வாசலிலேயே காந்திமதியை நிறுத்தினேன். அகிலா கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஆட்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும். "விட்டுடும்மா. என்னை மாதிரி முட்டாள் பேச்சைக் கேக்காதே. இன்னைக்கே தஞ்சாவூர் போங்க."

பொறுமையாகக் கேட்டது. பிறகு சொன்னது:

"ஆரம்பிக்கச் சொன்னதும் நீங்க. விடச் சொல்றதும் நீங்க. அவரைப் பிடிச்சுக் கொடுத்ததும் நீங்க. நான் எதை நம்புறது? இன்னும் எட்டு நாள்தான். முடிச்சிட்டுப் போறேன்."

செப்டம்பர் 16 முதல் 22 வரை

எழுத ஒன்றுமில்லை. மழை. பின்கட்டு ஒழுகுகிறது.

செப்டம்பர் 23, திங்கள்

நாற்பத்தெட்டு முடிந்தது. பொங்கல் வைத்ததாம். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பியிருக்கிறது. என்ன மனசோ அதற்கு. என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

செப்டம்பர் 25, புதன்

இரண்டு பேரும் தஞ்சாவூர் போனார்கள். கும்பகோணத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவன் போக முடிந்தது. டாக்டர் கிளம்பும் நேரமாகிவிட்டதாம். சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அக்டோபர் 3, வியாழன்

காலை ஏழு மணி பஸ்ஸில் நானும் தஞ்சாவூர் போனேன். யாரும் கூப்பிடவில்லை. காந்திமதியை நேற்றே சேர்த்துவிட்டார்கள். பகலவன் ஒரு வாரத்துக்குக் கையெழுத்துப் போடாமலிருக்க வக்கீல் மூலம் அனுமதி வாங்கியிருந்தான்.

டாக்டர் அறையிலிருந்து அவன் வெளியே வந்தபோது நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். இடைவெளி விட்டு உட்கார்ந்தான். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"நுரையீரலுக்குப் போயிடுச்சாம். கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமேங்கிறாரு."

எவ்வளவு முன்னாடி என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. டாக்டரிடம் நாள் வாங்கியிருந்த அந்த ஆகஸ்ட் பத்தொன்பது போதுமா, அல்லது அதுவே தாமதமா? அது தெரியாமலே நான் சாக வேண்டும்.

நர்சுகள் போய் வந்துகொண்டிருந்தார்கள். "குஞ்சிதம்" என்றான். ஜெயிலுக்குப் போய் வந்த பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது இன்றுதான்.

"அவ பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடு. நட்சத்திரம் உத்திரட்டாதியாம், கேட்டு வெச்சிருக்கேன்."

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"நீ எதுக்குய்யா இதெல்லாம்…"

"பண்ணிடுய்யா. சாமி இருக்குன்னே வெச்சுக்குவோம். இனிமே நீ சொல்ற எதையும் நான் மறுக்கப் போறதில்ல."

இருபத்திரண்டு வருஷமாக இதை இவன் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்தவன் நான். அவன் அப்படிச் சொல்லும் நாளில் மணிக்கூண்டில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுப்பேன் என்று அவனிடமே பந்தயம் கட்டியிருக்கிறேன். இப்போது சொல்லிவிட்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லைன்னு சொல்லு பகலவா. கல்லுன்னு சொல்லு, கட்டுக்கதைன்னு சொல்லு. உன் மூஞ்சியில காறித் துப்புவேன்னு சொல்லு. எதையாவது மறுத்துப் பேசுய்யா."

கையை உதறவில்லை. சும்மா விட்டு வைத்திருந்தான்.

"சத்தம் போடாதே. அவ உள்ள தூங்குறா" என்றான்.

நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்தேன். வாசல் வரை கூடவே வந்தவன், "உத்திரட்டாதி, மறந்துடாதே" என்று இன்னொரு தடவை சொன்னான்.

மறந்துவிடக் கூடாது என்று இங்கே குறித்து வைக்கிறேன். காந்திமதி. உத்திரட்டாதி.